ஆடாத எழுத்து

கடவுள் துணை
ஜூன் 4

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே உன் அண்ணனும் நானும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு நன்றாகவே இருக்கிறோம். அவருடைய முழங்கால் வலி இந்த வாரம் வலதிலிருந்து இடதுக்கு மாறியிருக்கிறது. உன் உடம்பு எப்படி?

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உங்கள் டிப்போ மெக்கானிக் உன் அண்ணனுக்குப் பழக்கம் அல்லவா, அவர் சொன்னாராம். போன மாதம் நீ திடீரென்று பிரேக் போட்டதில் பஸ்ஸுக்குள் ஒரு அம்மா விழுந்து கையை உடைத்துக்கொண்டார் என்று. உன் அண்ணன் உடனே உனக்குப் போன் போட்டார். நீ நன்றாக இருப்பதாகச் சொன்னாயாம். "நல்லா இருக்காளாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். போன் என்றால் எனக்கு மிச்சம் கிடைப்பது "சரி அண்ணி, வச்சிடறேன்" மட்டும்தான். அதனால்தானே நீ டிரைவரான இந்த ஏழு வருடமும் நாம் காகிதத்தில் பேசிக்கொள்கிறோம்.

உன் கடிதங்கள் தேதிவாரியாக பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. நூற்றுப் பதினொன்று. எல்லாம் டெர்மினஸில், டீ குடிக்கும் பத்து நிமிடத்தில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எழுதியவை. எஞ்சினை நிறுத்தினால் அந்தக் கிழட்டு வண்டி மறுபடி கிளம்பாது என்று ஓடவிட்டே எழுதுவாய். அதனால் ஒவ்வொரு எழுத்தும் குளிரில் நிற்பதுபோல் நடுங்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். மிச்சத்தை நானாகத்தான் கற்றுக்கொண்டேன். அதில் பாதி உன் 'ழ'வைப் படிக்கக் கற்றுக்கொண்டது.

நம் குடும்பத்தில் அறுபது பேரை ஒரே நேரத்தில் சுமந்து போகிறவள் நீ ஒருத்திதான். காலையில் சாமி முன்னால் நின்றால் உன் ரூட் நம்பரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். பதினாலு-பி என்றால் யாரென்று அவருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும்.

வண்டி ஓட்டுகிறாயா? அதை மட்டும் எழுது.

உன் நலம் வேண்டும்,
அண்ணி


ஜூன் 17

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நான் சுகம். உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? அண்ணனை மாடிப்படி ஏறவேண்டாம் என்று சொல்லுங்கள்.

நடந்தது இவ்வளவுதான். பாலத்துத் திருப்பத்தில் ஒரு கார் குறுக்கே வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். உள்ளே நின்றிருந்த ஒரு தையல்காரம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. விசாரணை வைத்தார்கள். என் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவும் தேறி வருகிறார். நான் பழையபடி பதினாலு-பி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை.

எனக்குப் படபடப்பு வந்தால் உங்களைத்தான் நினைத்துக்கொள்வேன். அம்மா போன அன்று வீடு முழுக்க அழுதுகொண்டிருக்க, நீங்கள் ஒருவர்தான் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தீர்கள். அந்த நிதானத்தில் கால்வாசி எனக்கு இருந்தால் போதும்.

வணக்கத்துடன்,
வாண்டு


கடவுள் துணை
ஜூன் 25

அன்புள்ள வாண்டுக்கு,

உன் கடிதம் வந்ததும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இங்கே மழை. துணி காயவில்லை, உன் அண்ணன் வாய் ஓயவில்லை. வேறு குறை ஒன்றுமில்லை.

உன் எழுத்து இந்த முறை மிகவும் அழகாக இருந்தது. கோடு போட்ட மாதிரி. உன் அண்ணன்கூட வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ எப்போ இவ்ளோ ஒழுங்கானா?" என்றார். 'ழ' அசல் 'ழ'வாகவே இருக்கிறது. புது வண்டி கொடுத்துவிட்டார்களா?

நேரம் கிடைக்கும்போது எழுது. அவசரமில்லை.

அண்ணி


ஜூலை 21

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. டூட்டி அதிகம்.

கண்டுபிடித்துவிட்டீர்கள். புது வண்டிதான். கொஞ்சம்கூட ஆடுவதில்லை. மேஜையில் உட்கார்ந்து எழுதுவதுபோல் இருக்கிறது. அண்ணனுக்கு வலி பரவாயில்லையா?

வாண்டு


கடவுள் துணை
ஜூலை 29

அன்புள்ள வாண்டுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்று எழுதியிருப்பாய் என்று தேடினேன். அந்த வரியை எழுத மறந்துவிட்டாய்.

இன்றைக்கு உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கப்போவதில்லை. என்னைப் பற்றிச் சொல்கிறேன். உன் அண்ணனுக்கே தெரியாது. படித்துவிட்டு நீ சிரிக்கலாம்.

நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருக்கோடி வீட்டு சமையலறை தீப்பிடித்ததே, நினைவிருக்கிறதா? அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போயிருந்தார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சுவர் கருகியதோடு போயிற்று. ஆனால் அன்றிலிருந்து நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கேட் வரை போவேன். நம் அடுப்பை அணைத்தோமா என்று நெஞ்சு அடிக்கும். திரும்பி வந்து பார்ப்பேன். அணைந்துதான் இருக்கும். மறுபடி கேட். மறுபடி நெஞ்சு. காது அடைத்துக்கொண்டு, உள்ளங்கை வேர்த்து, இதோ செத்துவிடப் போகிறேன் என்று தோன்றும். கடவுளை முழுசாக நம்புகிறேன், வாண்டு. அடுப்பைத்தான் நம்ப முடியவில்லை.

கடைசியில் இந்த வருடம் ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுப்பைத் திருகும் நாப் இருக்கிறதே, இழுத்தால் கையோடு வந்துவிடும். நாலையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். நெஞ்சு அடித்தால் பைக்குள் கைவிட்டு எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாப் இங்கே இருந்தால் தீ அங்கே எப்படி எரியும்?

ஒருநாள் நூலகத்தில் அட்டையைக் கேட்டார்கள். அவசரத்தில் ஒரு நாப்பை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன். நூலகர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, ரேடியோவோடதா?" "ஆமா சார், ரிப்பேருக்குக் கொண்டுபோறேன்." கடவுள் மன்னிக்கட்டும், கூசாமல் வந்தது பொய்.

அன்றைக்குப் பார்த்து உன் அண்ணன் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து டீ போடப் போயிருக்கிறார். அடுப்பு மொட்டையாக நிற்கிறது. நேரே கேஸ் கடைக்குப் போன். "ஏங்க, நாப்பை மட்டும் திருடுற ஆள் யாராவது நம்ம ஏரியாவுல சுத்துறானா?" நான் வந்து, "ஐயே, சோப்புத் தண்ணில கழுவ எடுத்து வச்சேங்க" என்றேன். அன்றிலிருந்து என் பெண்டாட்டி மாதிரி சுத்தக்காரி உலகத்தில் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ சொல்கிற நிதானம் இதுதான். நாலு நாப் கனம்.

பதில் எழுதவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அண்ணி


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு மாதமாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை. உங்கள் நாப் கதையைப் படித்த பிறகு உங்களிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.

புது வண்டி இல்லை அண்ணி. எந்த வண்டியும் இல்லை. டைம் கீப்பர் அறையில் மேஜையும் நாற்காலியும் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுகிறேன். அதனால்தான் எழுத்து ஆடவில்லை.

விசாரணை முடிந்த மறுநாள் வண்டி எடுத்தேன். பாலத்துத் திருப்பம் வரை சரியாகத்தான் போனேன். அங்கே விரல் நுனியிலிருந்து ஜில்லென்று ஏறியது. மூச்சு பாதியில் நின்றது. பின்னால் ஐம்பத்தெட்டு பேர். வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி, நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். நடத்துநர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "ரேடியேட்டர் சூடாயிடுச்சுங்க, அஞ்சு நிமிஷம்" என்று கத்தினார். தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து, தண்ணீரே தேவைப்படாத ரேடியேட்டரில் சொட்டுச் சொட்டாக, எல்லோரும் பார்க்கும்படி ஊற்றினார். வேறு டிரைவர் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

நவம்பர் பத்தாம் தேதி வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அன்று மேலாளர் பக்கத்தில் உட்கார, நான் அந்தப் பாலத்தைத் தாண்டி ஓட்டிக் காட்டவேண்டும். இல்லையென்றால் நிரந்தரமாக இந்த மேஜைதான். மேஜை கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்க மற்றவர்கள் கிளம்பும் நேரத்தை எழுதிக்கொண்டே இருக்கிறேன், அண்ணி.

அண்ணனிடம் சொல்லாதீர்கள். பயந்தாங்கொள்ளி என்பார்.

வாண்டு


கடவுள் துணை
செப்டம்பர் 6

என் கண்ணு வாண்டுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். அடுப்பில் குழம்பு, பக்கத்திலேயே நிற்கிறேன், கவலைப்படாதே.

பயந்தாங்கொள்ளி என்று சொல்வது யார்? ஐம்பத்தெட்டு பேரை வைத்துக்கொண்டு, கை ஜில்லிட்டுப் போன நேரத்தில், யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் வண்டியை ஓரம் கட்டினாயே, அதைவிடத் தைரியம் என்ன இருக்கிறது? வீம்புக்கு ஓட்டியிருந்தால்? அந்த ஐம்பத்தெட்டு பேரும் அன்று வீடு போய்ச் சேர்ந்தது உன்னால். அந்த நடத்துநருக்கு என் கும்பிடு. ஊற்றிய தண்ணீருக்கெல்லாம் கடவுள் கூலி கொடுப்பார்.

உனக்குத்தான் தெரியுமே, எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் நாலு வருடமாக ஒன்று குறித்து வருகிறேன். அடுப்பைப் பார்க்க எத்தனை முறை திரும்பி வந்தேன் என்று. முதல் வருடம் நாளைக்கு இரண்டு. போன வருடம் ஒன்பது. பார்க்கப் பார்க்க பயம் அடங்கும் என்று நினைத்தேன், கணக்கு வேறு சொல்கிறது. திரும்பி வந்து பார்த்ததுதான் அதை வளர்த்திருக்கிறது.

உனக்கு நாப் கதை எழுதிய மறுநாள் ஒன்று செய்து பார்த்தேன். நாப் இல்லாமல் போய் கேட்டில் நின்றேன். திரும்பவில்லை. நெஞ்சு அடித்தது, அடித்தது, உச்சிக்குப் போனது. பிறகு தானாக இறங்கியது. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம். அதற்குமேல் அதற்கே தெம்பு இல்லை, வாண்டு. நின்ற நேரமெல்லாம் மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக விட்டேன். சூடான பாலை ஊதுவது மாதிரி. நூலகத்தில் எடுத்த உடல்நலப் புத்தகத்தில் படித்தது.

இரண்டு காரியம் செய். ஒன்று, டாக்டரைப் பார். முதுகு வலித்தால் போகமாட்டாயா? இரண்டாவது, நாம் ஒரு ஒப்பந்தம் போடுவோம். நான் வெளியே போகும்போது ஒவ்வொரு நாப்பாக அடுப்பிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். என் ஒரு நாப்புக்கு உன் ஒரு படி. முதல் படி, எஞ்சின் ஓடாத வண்டியில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார். பதினோரு நிமிடம். அவ்வளவுதான்.

நான் முதல் நாப்பை விட்டாயிற்று. இனி உன் முறை.

அண்ணி


செப்டம்பர் 30

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம் என்று எழுதலாம் போலிருக்கிறது. நேற்று நன்றாகச் சாப்பிட்டேன்.

டாக்டரைப் பார்த்தேன். பெண் டாக்டர். அரை மணி நேரம் கேட்டுவிட்டு, நீங்கள் எழுதியதையேதான் சொன்னார், கொஞ்சம் பெரிய வார்த்தைகளில். வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார். "உங்க அண்ணி என்ன படிச்சிருக்காங்க?" என்று கேட்டார். எட்டாவது என்றேன். நம்பவில்லை.

சீட்டில் உட்கார்ந்தேன். முதல் நாள் மூன்று நிமிடத்தில் இறங்கி ஓடினேன். நாலாவது நாள் பதினோரு நிமிடம். நடத்துநர் பின்னால் தன் இடத்தில் வந்து உட்கார்ந்து, காலி வண்டியில் விசில் அடித்து, "டிப்போல இருந்து டிப்போவுக்கு ஒரு டிக்கெட்டு! சில்லறையா குடுங்க!" என்றார். சிரித்ததில் பயப்பட மறந்துவிட்டேன்.

டாக்டர் சொல்லி அந்தத் தையல்காரம்மாவையும் போய்ப் பார்த்தேன். மூன்று முறை கதவு வரை போய்த் திரும்பி, நாலாவது முறை தட்டினேன். மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். கட்டு பிரித்தாயிற்று. நான் மன்னிப்பு என்று ஆரம்பித்ததும், "நிறுத்தும்மா. சீட்டு காலியா இருந்துது, அடுத்த ஸ்டாப்புதானேன்னு நான்தான் நின்னேன். நீ பிரேக் போடலன்னா அந்தக் கார்ல இருந்தவன் இந்நேரம் சுவத்துல படமா தொங்கியிருப்பான்" என்றார். அப்புறம் கத்தரிக்கோலை என் பக்கம் நீட்டி, "நீ எப்போ வர்ற? இப்போ வர்றவன் என் ஸ்டாப்பைத் தாண்டித்தான் நிப்பாட்டுறான். தெனம் கால் மைல் நடக்குறேன்" என்று திட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். நல்ல அழுகை.

இரண்டாவது நாப்பை விடுங்கள்.

வாண்டு


கடவுள் துணை
அக்டோபர் 17

அன்புள்ள வாண்டுக்கு,

இரண்டு நாப் அடுப்பில், இரண்டு பையில். ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன். போன செவ்வாய்க்கிழமை தெருமுனை வரை போனவள் ஓடி வந்தேன். நாலு முறை. அன்று சாமி முன்னால் நிற்கவே வெட்கமாக இருந்தது. அப்புறம் யோசித்தேன். போன வருடம் ஒன்பது முறை ஓடி வந்தபோதும் அவர் அங்கேதானே இருந்தார். புதன்கிழமை மறுபடி கிளம்பினேன். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

உன் அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடினவர் கையில் நாப் வந்தது. இவ்வளவு தூரம் வந்த பிறகு சொல்லிவிட்டேன். நாப்பைக் கொண்டுபோய் அடுப்பில் மாட்டிப் பார்த்தார். பிறகு, "சொல்லியிருந்தா புது அடுப்பே வாங்கிக் குடுத்திருப்பேனே" என்றார். "கோளாறு அடுப்புல இல்லைங்க." "தெரியுது" என்றார். மறுநாளிலிருந்து நான் கேட்டில் நிற்கும்போது வந்து பக்கத்தில் நிற்கிறார், கடிகாரத்தைப் பார்த்தபடி. "ஏழு நிமிஷம். போன தடவைக்கு இப்போ தேவலை" என்கிறார், பந்தயத்தில் ஓடவிட்ட மாதிரி.

உன்னைப் பற்றியும் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை. "அவளா? மனசுல இத்தனையை வச்சுக்கிட்டா போன்ல சிரிச்சா?" என்றார். செய்தித்தாளை எடுக்கவில்லை.

எஞ்சினைப் போட்டுவிட்டாயா?

அண்ணி


நவம்பர் 11

அண்ணி,

சுருக்கமாக எழுதுகிறேன். நேற்று மேலாளரோடு ஓட்டினேன். முதல் முறை பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றே போனது. கியரை மாற்ற மறந்துவிட்டேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "டீ குடிச்சுட்டு வருவோமா?" என்றார். குடித்தோம். நான் பாலை ஊதுவதுபோல் ஊதிக்கொண்டிருந்தேன், டீ ஆறிய பிறகும். இரண்டாவது முறை தாண்டிவிட்டேன்.

பதினேழாம் தேதி காலை எட்டரை, முதல் டிரிப், பதினாலு-பி. அதே கிழட்டு வண்டி. ஆள் ஏறினால் என்ன ஆகுமோ தெரியவில்லை. அந்த நேரம் சாமியிடம் ரூட் நம்பரைச் சொல்லுங்கள்.

வாண்டு


கடவுள் துணை
நவம்பர் 13

வாண்டு,

இங்கிருந்து சொன்னால் சரியாகக் கேட்குமோ என்னவோ. நானே வருகிறேன். தனியாக. பஸ்ஸில் ஐந்து மணி நேரம். பதினாறாம் தேதி மாலை உன் அறையில் இருப்பேன். நாலு நாப்பையும் அடுப்பிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.

டிரைவருக்குப் பின் சீட் எனக்கு.

அண்ணி


நவம்பர் 24

என் அண்ணிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அண்ணன் போனில் சொன்னார். இந்த முறை அவரே, "நீ எப்படிம்மா இருக்கே?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை உண்மையைச் சொன்னேன். நன்றாக இருக்கிறேன்.

டெர்மினஸிலிருந்து எழுதுகிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. பேனா ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் போகிறது. 'ழ'வைப் படிக்க முடியாது. உங்களுக்கு முடியும்.

அன்றைக்குப் பேச நேரமில்லாமல் போனதை எழுதிவிடுகிறேன். பாலத்துத் திருப்பத்தில் அது வந்தது அண்ணி. வராமல் இல்லை. விரல் நுனியிலிருந்து ஜில்லென்று ஏறியது. வா, உட்கார், உனக்கும் டிக்கெட் உண்டு என்று நினைத்துக்கொண்டு மூச்சை மெல்ல விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து, ஒரு கையைப் பைக்குள் விட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்காக ஒருத்தர் ஐந்து மணி நேரம் பயத்தைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். கால் தானாக பிரேக்கை விட்டது. பாலம் பின்னால் போய்விட்டது.

அடுத்த நிறுத்தத்தில் ஏறினாரே, அவர்தான் தையல்காரம்மா. "உக்காந்துட்டேன்! இப்போ எப்படி வேணா போடு பிரேக்கு!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாரே, அவர்தான். அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்தில், கம்பத்துக்கு நேராக நிறுத்தினேன். ஒரு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இன்னொரு விஷயம். அன்று சாயங்காலம் வண்டியைக் கூட்டும்போது நடத்துநர், "இது யாரோடதுன்னு தெரியலையே" என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். உங்கள் சீட்டுக்கு அடியில் கிடந்ததாம். கறுப்பாக, உருண்டையாக, ஒரு பக்கம் வெள்ளைக் கோடு போட்டது.

நாலையும் அடுப்பிலேயே விட்டுவிட்டு வருவதாக எழுதினீர்கள். நான் புது வண்டி என்று எழுதினேன். ஆக, பொய்யில் நாம் சரிக்குச் சரி. அது தவறி விழுந்ததா, நீங்களாக விட்டுவிட்டுப் போனீர்களா என்று கேட்கமாட்டேன். தபாலில் திருப்பி அனுப்பவும் மாட்டேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், நான் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. வண்டி ஆடும்போது அதுவும் ஆடுகிறது, விழுவதில்லை.

நீங்கள் மூன்று அடுப்பில் சமைத்துக்கொள்ளுங்கள்.

நடத்துநர் விசில் அடித்துவிட்டார். கிளம்புகிறேன்.

உங்கள்
வாண்டு